மரவள்ளி மாவில் உணவு உறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரப் பொருள்களிலிருந்து உணவுக்கான மெல்லிய உறை, அதாவது ஃபிலிம், செய்வது பற்றி மாணவர்களும் சிறுதொழில் தொடங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் மரவள்ளி மாவையே சுற்றி வரும். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் அது மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிட எளிதான பொருள் நம் ஊரில் இல்லை.

வெறும் மாவு எப்படி ஃபிலிம் ஆகிறது?

ஜவ்வரிசி வடாம் ஊற்றியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கூழ் காய்ச்சி, மெல்லியதாக ஊற்றி, காயவைத்தால் ஒளி ஊடுருவும் தகடாக உரிந்து வருகிறது. ஆய்வகத்தில் நடப்பதும் அதுதான்.

மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. நீண்ட சங்கிலியாக இருப்பது அமைலோஸ், கிளைகள் விட்டிருப்பது அமைலோபெக்டின். தண்ணீரில் கலந்து சுமார் 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது மாவுமணிகள் ஊதி, உடைந்து, இந்தச் சங்கிலிகள் வெளியே வருகின்றன. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவை நெருங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படலமாகின்றன. அந்தப் பிடிப்பு மிக இறுக்கமாக இருப்பதால்தான் வடாம் மடக்கினால் ஒடிகிறது. நடுவே கிளிசரினைப் புகுத்தினால் சங்கிலிகள் கொஞ்சம் விலகி நின்று நழுவ முடியும், படலமும் வளையும்.

மரவள்ளி மாவில் அமைலோஸ் ஏறக்குறைய 17 முதல் 20 சதவீதம். மக்காச்சோளத்தில் 25 சதவீதத்தை ஒட்டி வரும். அமைலோஸ் கூடினால் ஃபிலிமின் வலுவும் கூடும் என்பது பொது விதி. மரவள்ளியின் பலம் வேறு: அதன் கூழ் தெளிவானது, வாசனையோ நிறமோ கிடையாது. உணவு உறைக்கு இது பெரிய நன்மை.

முதல் முயற்சிக்கு என்ன அளவு?

100 மி.லி. தண்ணீர், 4 கிராம் மரவள்ளி மாவு, 1.2 கிராம் உணவுத் தர கிளிசரின். அதாவது மாவின் எடையில் 30 சதவீதம் கிளிசரின். மாவைப் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். 75 முதல் 80 டிகிரிக்குக் கொண்டுபோய், 15 நிமிடம் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று புகும், பிறகு ஒவ்வொரு குமிழியும் ஃபிலிமில் ஒரு ஊசித்துளை ஆகும். இறக்கிய பின் குமிழிகள் அடங்கும்வரை சற்று விட்டு, சூடு முழுவதும் ஆறுவதற்குள் ஊற்றிவிட வேண்டும்.

15 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 40 மி.லி. ஊற்றினால் காய்ந்த பின் சுமார் 80 முதல் 90 மைக்ரான் தடிமன் வரும். தட்டு சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தட்டு சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும், அதற்கப்புறம் செய்யும் எந்தச் சோதனைக்கும் பொருள் இருக்காது. கண்ணாடித் தட்டைவிட அக்ரிலிக் தட்டில் சுலபமாக உரிந்து வரும். 40 முதல் 45 டிகிரியில் இரவு முழுக்கக் காயட்டும்.

எனக்கு வருவது நொறுங்குகிறது, அல்லது கையில் ஒட்டுகிறது. ஏன்?

நொறுங்கினால் கிளிசரின் போதவில்லை, அல்லது அவசரமாகக் காயவைத்திருக்கிறீர்கள். ஒட்டினால் கிளிசரின் அதிகம், அல்லது காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் உரித்த ஃபிலிமும் சித்திரையில் சேலத்தில் உரித்த ஃபிலிமும் ஒரே கலவையாக இருந்தாலும் வேறு வேறு பொருள் போலவே நடந்துகொள்ளும். அதனால்தான் சோதனைக்கு முன் எல்லா மாதிரிகளையும் ஒரே ஈரப்பதத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மெக்னீசியம் நைட்ரேட்டின் நிறைவுற்ற கரைசலை ஒரு மூடிய டப்பாவின் அடியில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 53 சதவீதத்தில் நிற்கும்.

முதல் வாரம் நன்றாக வளைந்த ஃபிலிம் மூன்றாம் வாரம் விறைத்துப்போவதும் உண்டு. விலகி நின்ற சங்கிலிகள் நாளடைவில் மறுபடி நெருங்கி அடுக்காகின்றன. ஆகவே செய்த மறுநாள் அளந்த வலுவை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் அளந்து, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

மரவள்ளியில் நஞ்சு இருக்கிறதே, உணவைத் தொடலாமா?

கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். ஆனால் அது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. அரைத்து, பலமுறை அலசி, படியவிட்டு, உலர்த்தி எடுக்கும் மாவில் அநேகமாக எல்லாம் போய்விடும். நாம் சாப்பிடும் ஜவ்வரிசியே இந்த மாவில் செய்ததுதான். கவலைப்பட வேண்டியது அலசிய தண்ணீரைப் பற்றி. அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?

ஊறும், ஊதும், பிய்ந்துபோகும். இந்தத் துறையின் மையச் சிக்கலே இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாவுச்சத்தின் சங்கிலி முழுக்கத் தண்ணீரை ஈர்க்கும் தொகுதிகள் இருக்கின்றன. நுண்ணுயிர்கள் எளிதில் தின்று மக்கச் செய்வதற்கு அவை ஒரு முக்கியக் காரணம். பாலித்தீனில் அப்படி எதுவும் இல்லாததால் தண்ணீரும் நுழைவதில்லை, நுண்ணுயிரும் நெருங்குவதில்லை. நாம் விரும்பும் குணமும் நாம் வெறுக்கும் குணமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றைத் துடைத்தெடுத்தால் மற்றதும் குறையும். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘பாலித்தீனுக்கு முழு மாற்று’ என்று தலைப்பு வைக்கும் திட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழைப்பு உண்மையானது, கேள்விதான் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரே தடிமனில் பாலித்தீன் விடும் நீராவியைவிட மாவு ஃபிலிம் நூறு மடங்குக்கும் மேல் விடும். இதை நீங்களே அளக்கலாம். சிறு கிண்ணத்தில் உலர்ந்த சிலிக்கா ஜெல்லைப் போட்டு, வாயை ஃபிலிமால் மூடி, ஓரத்தை மெழுகால் அடையுங்கள். நிறைவுற்ற சாப்பாட்டு உப்புக் கரைசல் வைத்த டப்பாவுக்குள் கிண்ணத்தை வையுங்கள். அங்கே ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் கிண்ணத்தை எடை போடுங்கள். கூடும் எடைதான் ஃபிலிம் வழியாக உள்ளே போன தண்ணீர். பாலித்தீன் பை ஒன்றை வெட்டிப் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தை மூடி வைத்தால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. உலர்ந்த நிலையில் இந்த ஃபிலிம் ஆக்ஸிஜனை நன்றாகத் தடுக்கும், பாலித்தீனைவிட நன்றாகவே. எண்ணெயையும் உறிஞ்சாது. எந்த உணவுக்கு என்று தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டு குணங்களும்தான் கைகொடுக்கும்.

தண்ணீரைத் தாங்க வைக்க வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. செல்லுலோஸ் நாரை மிக நுண்ணியதாக்கிக் கலந்தால் வலு கூடும், ஊறுவது ஓரளவு குறையும். வாழைத்தண்டு மட்டையிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் அதை எடுக்கலாம். சிட்ரிக் அமிலத்தால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கலாம். அதற்கு உலர்ந்த ஃபிலிமை அதிக வெப்பத்தில் வைக்க வேண்டும், அமிலம் கூடினால் சங்கிலியே அறுபடும். கார்னாபா போன்ற தாவர மெழுகைப் பூசினால் நீராவி வெகுவாகக் குறையும், ஆனால் மடித்த இடத்தில் பூச்சு விரிசல் விடும்.

இந்தப் போராட்டம் புதியதும் அல்ல. மர செல்லுலோஸிலிருந்து செலோஃபேனை 1908-இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஜாக் பிராண்டன்பெர்கர். தண்ணீர் ஒழுகாது, ஆனால் நீராவி தாராளமாகப் போகும். 1927-இல் டூபான்ட் நிறுவனத்தில் வில்லியம் ஹேல் சார்ச் மிக மெல்லிய நீர்த்தடுப்புப் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் அது ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் உறையானது. தாவர ஃபிலிம் ஒன்று தனியாக நின்று வெல்லவில்லை, பூச்சோடு சேர்ந்துதான் வென்றது. இன்றைய ஆராய்ச்சிக்கும் இந்த வரலாறு பொருந்தும்.

அப்படியானால் எந்த உணவுக்குப் பொருந்தும்?

உலர்ந்தது, சீக்கிரம் தீர்ந்துபோவது, வெளியே இன்னொரு உறை உள்ளது: இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் முயலலாம். கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்ற மாவு ஃபிலிம் நல்ல தேர்வு. எண்ணெய் கசியாது, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஈரத்தைத் தடுக்கும் வேலையை ஜாடி பார்த்துக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீரில் உறையோடு போட்டுக் கரைத்துவிடக்கூடிய சூப் பொடி, மசாலாப் பொட்டலம் இன்னொன்று. இங்கே கரைவது குறையாக இல்லை, அதுவே பயன். ஜப்பானில் கசப்பு மருந்துப் பொடியைச் சுற்றி விழுங்க ‘ஒபுலாட்டோ’ என்ற மாவுப் படலத்தை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஊறுகாய், தயிர், இட்லி மாவு, சாம்பார் பார்சல் எதற்கும் இது ஆகாது. சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம், ஈரம் புகுந்து நமத்துப்போகும்.

கடல்பாசியில் செய்வது மேலானதா?

சில விதங்களில் ஆம். தாவரம் என்ற கண்டிப்பான வரையறைக்குள் கடல்பாசி வராது, ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட்டுவிட முடியாது. விளைநிலமும் வேண்டாம், பாசனமும் வேண்டாம். கட்டக்கோரைப் பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் என்ற கூழ்ச்சத்துக்கு ஒரு அழகான குணம் உண்டு: படலமாக்கிய பின் கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்தால் சங்கிலிகள் பிணைந்து, தண்ணீரில் கரையாததாகிவிடும். லண்டனின் நாட்பிளா நிறுவனம் இந்தப் பாசிச் சத்தில் சிறு பைகள் செய்து, 2019 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்கு அதில் பானம் நிரப்பிக் கொடுத்தது. 2022-இல் எர்த்ஷாட் பரிசும் பெற்றது.

ராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுப்பதும் மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் என்ற பாசியை வளர்ப்பதும் ஏற்கெனவே நடக்கும் தொழில்கள், பெண்களின் உழைப்பு அதில் பெரும்பங்கு. கப்பாஃபைகஸிலிருந்து கராஜீனன் என்ற கூழ்ச்சத்து வருகிறது, அதுவும் நல்ல ஃபிலிம் தரும். ஆனால் அது வெளியிலிருந்து வந்த இனம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கே வளர்க்கிறோம் என்பதில் கவனம் இல்லாவிட்டால் ‘பசுமை’ உறைக்குப் பவளம் விலையாகிவிடும்.

கடையில் ‘சோளத்தில் செய்த பை’ என்று தருகிறார்களே, அது இதுதானா?

பெரும்பாலும் இல்லை. வெறும் சோளமாவில் செய்த பை காய்கறி ஈரத்துக்கே தாங்காது. அந்தப் பைகளில் மாவோடு பி.பி.ஏ.டி. என்ற பாலிமர் கலந்திருக்கும், பல சமயம் மாவைவிட அதிகமாக. பி.பி.ஏ.டி. வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும். இதற்கு நேர்மாறாக, பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறது. அது முழுக்கத் தாவரத்திலிருந்து வந்தது, ஆனால் மக்கவே மக்காது. எதிலிருந்து வந்தது என்பதும் எப்படி முடியும் என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

வெந்நீரில் போட்டுக் கரைத்துக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பாலிவினைல் ஆல்கஹாலும் தண்ணீரில் கரையும். பையில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரக்குறியும் தயாரிப்பாளர் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மண்ணில் புதைத்தேன், பத்து நாளில் பாதி எடை போய்விட்டது. மக்கியதாக எழுதலாமா?

எழுதக் கூடாது. மண்ணின் ஈரத்தில் முதலில் வெளியேறுவது கிளிசரின். அதன் எடையை மக்கிய கணக்கில் சேர்த்துவிடுவது மாணவர் அறிக்கைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகளாக உடைவதும் மக்குவது ஆகாது. தரச் சோதனையில் அளப்பது கரியமில வாயுவை: ஃபிலிமில் இருந்த கார்பனில் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் அப்படி வெளிவர வேண்டும், அதுவும் 58 டிகிரி வெப்பத்தில். உடைவதற்கு வேறு ஒரு நிபந்தனை: 12 வாரம் கழித்து 2 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது.

அந்த 58 டிகிரியை மறக்காதீர்கள். பெரிய உரக்குவியலின் உள்ளே அந்தச் சூடு தானாக வரும், வீட்டுத் தொட்டியில் வராது, கடலில் வரவே வராது. சோளச் சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் டம்ளர் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதற்கு இதுதான் காரணம். கலப்பில்லாத மாவு ஃபிலிமுக்கு இந்தத் தொல்லை இல்லை, சாதாரண ஈரமண்ணிலேயே போய்விடும். ஆனால் உரக்கிடங்கில் குப்பை பிரிக்கும் தொழிலாளிக்கு இதுவும் பிளாஸ்டிக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும், எடுத்து வீசிவிடுவார். அடையாளம் தெரியும்படி நிறமோ பெரிய எழுத்தோ வேண்டும். ஆய்வகத்தில் யாரும் இதை யோசிப்பதில்லை.

மொத்தக் கணக்கில் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானா?

எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கலவையில் ஒரு கிலோ ஃபிலிம் எடுக்க சுமார் 19 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மின்சார அடுப்பில் செய்தால், வெப்பம் துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் 12 யூனிட்டுக்கு மேல் செலவாகும். நடைமுறையில் அதைவிட அதிகம். கற்றுக்கொள்ள ஊற்றிக் காயவைக்கும் முறை சரி, தொழிலுக்கு அது பொருந்தாது. சூரிய உலர்த்திக் கூடாரம் ஒரு வழி. இல்லையென்றால் தண்ணீர் மிகக் குறைவாக வைத்து, இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில், அதாவது பிசைந்து தள்ளும் இயந்திரத்தில், வெப்பமும் அழுத்தமும் கொடுத்து மாவை இளக்கி இழுக்க வேண்டும்.

அப்புறம் அலசிய தண்ணீர். சேகோ ஆலைக் கழிவுநீரில் கரிமப்பொருள் மிக அதிகம், சயனைடும் இருக்கும். அதைச் சாண எரிவாயு போல மீத்தேனாக மாற்றிப் பயன்படுத்தும் கலன் உள்ள ஆலையிலிருந்து மாவு வாங்குகிறீர்களா, ஓடையில் விடும் ஆலையிலிருந்தா? உங்கள் ஃபிலிம் எவ்வளவு பசுமை என்பதில் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

உணவுப் பயிரை உறையாக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானது. அதற்கு என் பதில் திப்பி. மாவு எடுத்த பின் மிஞ்சும் இந்தச் சக்கையில் நாரும் இருக்கிறது, வெளியே வராமல் தங்கிய மாவும் கணிசமாக இருக்கிறது. இன்று பெரும்பாலும் மாட்டுத்தீவனத்துக்குப் போகிறது. அதை நுண்ணியதாக அரைத்து ஃபிலிமில் சேர்த்தால் வலுவூட்டும் நாராகவே வேலை செய்யும். நிறம் பழுப்பேறும், தெளிவு போகும். தெளிவு தேவைப்படாத இடத்தில் இதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாழையிலை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

வாழையிலை போதுமான இடத்தில் இது வேண்டவே வேண்டாம். இலையும் பனையோலைப் பெட்டியும் செய்யும் வேலைக்கு ஆய்வகம் தேவையில்லை. காற்றுப் புகாமல் மூட வேண்டும், இயந்திரத்தில் ஓட வேண்டும், இலை வாடும் காலத்தையும் தாண்டி இருக்க வேண்டும் என்றால் மட்டும் ஃபிலிமைப் பற்றி யோசியுங்கள்.

தாவரத்தில் செய்தது என்றாலே உணவுக்குப் பாதுகாப்புதானே?

இல்லை. கரும்புச் சக்கைத் தட்டுகள் எண்ணெயை உறிஞ்சாமல் இருக்கப் பல நாடுகளில் ஃபுளோரின் சேர்ந்த ரசாயனங்களைச் சேர்த்து வந்தார்கள். அவை உடலிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குபவை. தட்டு தாவரம், பூச்சு அப்படி இல்லை. கோதுமை, சோயா புரதத்தில் செய்த ஃபிலிம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம், உறையில் அதை எழுதியே ஆக வேண்டும். உணவோடு தொடர்புபடும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கிலோ உணவுக்கு 60 மி.கி.க்கு மேல் பொருள் இறங்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் சொல்கின்றன. இதே அளவுகோலை வைத்தால், கரையும் மாவு ஃபிலிம் ஈர உணவோடு தேறாது. சாப்பிடக்கூடிய ஃபிலிமாகச் செய்தால் உள்ளே போகும் ஒவ்வொன்றும் உணவுத் தரமாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கிளிசரின் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

சிறுதொழிலாகத் தொடங்கலாமா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது, நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல். தேவை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் பை செய்யப் போகாதீர்கள். அது பெரிய முதலீடு, பாலிமர் வாங்க வேண்டும், விற்பதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். சோதனைகளைச் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்துகொள்ளலாம், அதற்குக் காலமும் பணமும் ஆகும்.

பாலித்தீனோடு விலையில் போட்டி போடவும் முடியாது, பல மடங்கு கூட வரும். உள்ளே இருக்கும் பொருளின் விலையில் உறையின் பங்கு சிறியதாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள்: தனித்துண்டு இனிப்பு, மூலிகைத் தேநீர், ஒருவேளை மசாலா. முதலில் ஒரே ஒரு தயாரிப்பாளரிடம் பேசி, அவர் பொருளை உங்கள் ஃபிலிமில் சுற்றி, அவர் கிடங்கிலேயே ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பாருங்கள். எடை ஏறியதா, ஃபிலிம் ஒட்டியதா, எறும்பு வந்ததா என்று எழுதி வையுங்கள். எறும்பும் வண்டும் மாவு உறையைத் துளைக்கும், ஆய்வுக்கட்டுரைகளில் இது அபூர்வமாகத்தான் வரும். அந்தக் குறிப்பேடு கையில் இருந்தால் இயந்திரம் வாங்கலாமா என்று முடிவெடுக்கலாம். அதற்கு முன் கடன் வாங்க வேண்டாம்.